கீற்றா, பனையோலையா, விழலா? மண்வீட்டுக்கு ஏற்ற கூரை எது

பழைய மண்வீட்டின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அடுத்து எதை வேய்வது என்று தெரியாமல் நிற்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எது ரொம்ப வருஷம் உழைக்கும்?" என்பதைத்தான். தோட்டத்தில் புதிதாகக் குடில் போட நினைப்பவர்களும் அதையே கேட்கிறார்கள். வருடக் கணக்கை மட்டும் பார்த்து இறங்கினால் கை சுடும். ஏரிக்கரைப் புல்லான விழல் பத்து வருடம் நிற்கும் என்பது உண்மைதான். அதை வேயத் தெரிந்த கை பக்கத்தில் இல்லையென்றால் இரண்டாவது மழைக்கே ஒழுகிவிடும். பின்னிய தென்னையோலையான கீற்று இரண்டு வருடம்தான் என்பார்கள்; நன்றாக ஊறவைத்து முடைந்த கீற்றை நெருக்கி வேய்ந்தால் மூன்றாவது ஐப்பசியையும் தாங்கும். பக்கத்தில் விளையும் ஓலை, பக்கத்தில் இருக்கும் ஆள் என்று தொடங்கி, வருடக் கணக்கைக் கடைசியில் பார்ப்பதே சரியான வழி.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டின் சமவெளிக்கும் கடலோரத்துக்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மீதி மாதமெல்லாம் வெயில் காயும் ஊர்கள் இவை. நீலகிரியில் தோடர்கள் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேயும் பீப்பாய் வடிவக் கூரைக்கு வேறு கணக்கு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

## எதை வைத்து முடிவு செய்வது

சரக்கும் ஆளும். ஓலை எங்கிருந்து வருகிறது, வேய்பவர் எங்கிருந்து வருகிறார்? இரண்டுமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தால் எந்தக் கூரையும் கட்டுப்படியாகும். லாரியில் ஏற்றி வந்தால் கீற்றுக்கும் புல்லுக்கும் விலையைவிட வாடகை கூடிப்போகும், ஏனென்றால் இவை எடை குறைந்து இடத்தை அடைக்கிற சரக்கு. ஆள் விஷயம் இதைவிட முக்கியம். வேய்ந்து கொடுப்பவர் அடுத்த வருடம் ஒழுகும் இடத்தைச் செருகிக் கொடுக்கவும் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிவு. ஓலைக்கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, வழித்து விடுகிறது. துளி ஓர் ஓலையிலிருந்து அடுத்த ஓலைக்கு இறங்கி, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தில் சொட்ட வேண்டும். சரிவு குறைந்தால் அந்தத் துளி மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் உள்ளே இறங்கும், இறங்கிய ஈரம் காயாமல் மக்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் மேல் படுப்பதால், ஓலை நிற்கும் சரிவு எப்போதும் கூரையைத் தாங்கும் சாய்ந்த மரமான கைமரத்தின் சரிவைவிடக் குறைவு. கைமரம் 45 பாகையில் இருந்தால் புல்லின் தாள் 30 பாகை அளவுக்குத்தான் சாய்ந்திருக்கும். குறுக்கே ஓர் அடிக்கு மேலே ஓர் அடி என்று பழைய ஆட்கள் வைத்த கணக்கு இதனால்தான்.

மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் முன்னால் நின்று பார்த்தால் இது விளங்கும். 7ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் செதுக்கிய அந்தக் கோயில், ஓலை வேய்ந்த சதுரக் குடிசையின் அச்சு அசல். நான்கு பக்கமும் வேகமாக இறங்கும் சரிவு, வெளியே கொஞ்சம் புடைத்த வயிறு, மேலே ஒன்றாகக் குவியும் முகடு. கல்லுக்கு அந்தச் சரிவு தேவையில்லை, ஓலைக்குத்தான் தேவை. சிற்பி பார்த்துப் பழகிய வீடு அது.

சுவர். தாழ்ந்த இறவாணம், அதன் நிழலில் திண்ணை, உள்ளே மண்சுவர்: மூன்றும் ஒரே ஏற்பாடு. மழை சுவரில் அடிக்காமல் இருக்கக் கூரை சுவரைத் தாண்டி இரண்டு அடியாவது நீள வேண்டும். குனிந்து நுழைகிற அளவுக்குக் கூரை தாழ்ந்திருப்பதற்கும் காரணம் அதுவே. "குனிய வேண்டியிருக்கிறதே" என்று இறவாணத்தை வெட்டிக் குறைத்த வீடுகளில் அடுத்த மழைக்காலத்தில் சுவரின் அடிப்பாகம் கரைந்து அரித்துப்போய் நிற்கும். சுவர் செங்கல் என்றால் இந்தக் கட்டாயம் தளரும்.

இருபது வருடச் செலவு. இன்றைய விலையைப் பார்க்காமல் இருபது வருடத்தில் எத்தனை முறை பிரித்து வேய வேண்டும் என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் கூலி ஏறியிருக்கும்.

தீ. இதற்குத் தனித் தலைப்பே தேவை; பின்னால் வருகிறது.

## ஒரு மாதிரிக் கூரை

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு வேண்டும். சுவருக்குச் சுவர் 10 அடி அகலம், 20 அடி நீளமுள்ள வீடு, சுற்றிலும் 2 அடி இறவாணம், இருபக்கச் சரிவு. கூரையின் நிழல் விழும் இடம் 14க்கு 24 அடி. சரிவு 45 பாகை என்றால் முகடு இறவாணத்தைவிட 7 அடி உயரம், கைமரம் ஏறக்குறைய 10 அடி, வேய வேண்டிய பரப்பு ஏறக்குறைய 480 சதுர அடி. இதையே 30 பாகைக்குத் தாழ்த்தினால் பரப்பு 390க்குக் கீழே வந்துவிடும். ஓலையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று தோன்றும். ஆயுளில் பாதி போய்விடும். சரக்கை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

## தென்னங்கீற்று

ஈழத்தில் கிடுகு என்பதும் நம் ஊரில் கீற்று என்பதும் ஒன்றே. தென்னை மட்டையின் நுனியை நறுக்கி, நடுத்தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் ஓலையை மாற்றி மாற்றிப் பின்னினால் ஒரு மட்டைக்கு இரண்டு கீற்று.

கீற்றின் ஆயுளை முடிவு செய்வது ஊறல். பச்சை மட்டையைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊறப்போட்டு எடுத்தால் ஓலையில் இருக்கும் சர்க்கரைச் சத்து தண்ணீரில் கரைந்துவிடும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனி குறையும். அவசரத்துக்கு ஒரு நாள் நனைத்துப் பின்னிய கீற்று பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். வாங்கும்போது கட்டிலிருந்து நடுவில் ஒன்றை உருவிப் பாருங்கள். சீரான பழுப்பு நிறம், பின்னலில் விரல் நுழையாத நெருக்கம், மடக்கினால் ஒடியாத ஓலை: இது சரியான கீற்று. பச்சை கலந்தோ, கறுப்புப் புள்ளி விழுந்தோ, புழுங்கிய வாடை அடித்தோ இருந்தால் அந்தக் கட்டையே தள்ளிவிடுங்கள்.

அடுத்தது நெருக்கம். 6 அடி நீளக் கீற்றில் பக்கவாட்டில் அரை அடி மேலேறினால், ஒவ்வொன்றும் மூடுவது ஐந்தரை அடி. வரிசைக்கு வரிசை 6 அங்குலம் வெளியே தெரியும்படி வேய்ந்தால் நம் மாதிரிக் கூரைக்குச் சுமார் 175 கீற்று. 4 அங்குலம் தெரியும்படி நெருக்கினால் சுமார் 260. முகட்டுக்கும் கழிவுக்கும் சேர்த்தால் 200, அல்லது 300. குத்தகைக்கு வேய்பவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கில்தான் விலை சொல்வார்கள். எத்தனை அங்குல இடைவெளி என்று முன்கூட்டியே பேசி, கைமரங்களின் குறுக்கே வரிச்சு கட்டும்போதே அளந்துவிடுங்கள். வரிச்சு 8 அங்குலத்தில் கட்டிவிட்டால் கீற்றை 4 அங்குலத்தில் நெருக்க முடியாது.

வேலை சுலபம், மூன்று பேர் பெரும்பாலும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். எடை குறைவு என்பதால் சவுக்குக் கம்பும் மூங்கிலும் போதும். ஒழுகும் இடத்தில் ஒரு கீற்றைச் செருகினால் பிரச்சினை தீரும். நம் ஊரில் கீற்று நிலைத்திருப்பது இந்த வசதிகளால்தான்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, மறுபடி வேய்வது: மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்றால் இருபது வருடத்தில் ஆறேழு தடவை. இரண்டு, வரத்து. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கூரை இழந்த வீடுகளுக்குக் கீற்று அதிகம் தேவைப்பட்ட அதே நேரத்தில் கீற்று தரும் மரமே படுத்துவிட்டது. புயல் பாதையில் இருப்பவர்கள் சொந்தமாக ஐம்பது கீற்றாவது நிழலில், தரையில் படாமல் அடுக்கி வைத்திருப்பது நல்லது.

எப்போது கீற்று: தென்னந்தோப்பு பக்கத்தில் இருக்கும்போது, கொட்டகை, மாட்டுத்தொழுவம், மொட்டை மாடி நிழல் என்று எடை தாங்காத இடங்களில், இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு திட்டம் மாறலாம் என்ற நிலையில்.

## பனையோலை

தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மணல்காட்டுக்கு உரிய கூரை இது. உப்புக்காற்றுக்கு அஞ்சாது. தென்னையோலையைவிடத் தடித்த ஓலை, ஒழுங்காக வேய்ந்தால் ஐந்தாறு வருடம் நிற்கும்.

மரத்தில் காய்ந்து தொங்கும் காவோலை கூரைக்கு ஆகாது, தொட்டால் நொறுங்கும். முற்றிய பச்சை ஓலையை வெட்டி, விசிறி மடிப்பை மிதித்து விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கல்லைப் பாரமாக வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் தட்டையாகக் காய்ந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஓலை கூரையில் ஏறிய பிறகு சுருளும். சுருண்ட ஓலைக்கு அடியில் காற்றுப் புகுந்து தூக்கும்.

இறவாணத்திலிருந்து மேல்நோக்கி மீன் செதில் போல அடுக்கி, ஒவ்வோர் ஓலையின் காம்பையும் வரிச்சோடு கட்ட வேண்டும். கட்டுவதற்குப் பனைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு முறுக்கிக் கட்டுவார்கள். காயும்போது நார் இறுகி, மூங்கிலில் தடம் பதியும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். நைலான் கயிறு இதைச் செய்யாது. வெயிலில் அது பொடிந்துவிடும், முடிச்சும் வழுக்கும். கட்டு தளர்ந்த பனையோலைக் கூரையைக் காற்றடிக்கும்போது படபடவென்று வரும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் ஓலை இரண்டடி அகலத்துக்கு மூடும், அரை அடி வெளியே தெரியும் என்று வைத்தால் சதுர அடிக்கு ஓர் ஓலை. நம் மாதிரிக் கூரைக்குக் கழிவோடு 520 ஓலை. ஒரு மரத்தில் ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு ஓலைக்கு மேல் கழித்தால் மரம் இளைக்கும். அப்படியானால் 45 மரம் வேண்டும், அதில் ஏறி இறங்க ஆளும் வேண்டும். பனையேறிகள் குறைந்துபோன இன்றைய நிலையில் இந்தக் கூரையின் உண்மையான விலை மரம் ஏறும் கூலிதான். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் அரசு அறிவித்தது. ஓலை கழிப்பது வேறு, மரத்தைச் சாய்ப்பது வேறு என்றாலும், விட்டத்துக்கும் கைமரத்துக்கும் புதிதாகப் பனைமரம் வெட்டலாம் என்று திட்டம் போடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பழைய வீடுகளில் கிடைக்கும் வைரம் பாய்ந்த பனங்கட்டையே போதும், அதுவே உசத்தி.

எப்போது பனையோலை: கடலோரம், மணல் நிலம், சொந்தப் பனங்கூட்டம், ஊரில் இன்னும் மரம் ஏறுபவர். இந்த நான்கில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

## விழல்

"விழலுக்கு இறைத்த நீர்" என்று வீணுக்கு உவமை சொல்லியே அந்தப் புல்லின் பெயரைக் கெடுத்துவிட்டோம். ஓலைக்கூரைகளில் இதற்கு இணை இல்லை. நல்ல சரிவில், அரை அடிக்குக் குறையாத கனத்தில் வேய்ந்த விழல் பத்து வருடம் நிற்கும். சித்திரை வெயிலிலும் உள்ளே தலைக்கு மேல் அனல் இறங்காது.

ஏரிக்கரை, ஆற்றுப்படுகைப் புல் முற்றி மஞ்சளடித்த பிறகு மாசி, பங்குனியில் அறுப்பு. அறுத்த புல்லை உதறி, குட்டைத் தாளையும் தழையையும் களைந்து, மணிக்கட்டுக் கனத்தில் கட்டுகளாகக் கட்ட வேண்டும். உதறாமல் கட்டினால் கட்டு பெரிதாகத் தெரியும், கூரையில் முதலில் மக்குவதும் அந்தத் தழையே.

வேயும் முறையைக் கிட்டே போய்ப் பார்த்தால் இதன் நுட்பம் தெரியும். கட்டுகளின் அடிப்பக்கம் இறவாணத்தைப் பார்த்து இருக்க ஒரு வரிசை பரப்புவார்கள். அதன்மேல் குறுக்கே ஒரு மூங்கில் பிளாச்சை வைத்து அழுத்துவார்கள். மேலே இருப்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் கீழே குத்துவார். வீட்டுக்குள் நிற்பவர் கயிற்றை வாங்கி வரிச்சைச் சுற்றித் திரும்பக் கோத்து மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் காலால் மிதித்து இழுத்து முடிச்சுப் போடுவார். அடுத்த வரிசை இந்தப் பிளாச்சையும் முடிச்சையும் முழுக்க மூட வேண்டும். மூடாத கட்டு ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் இறங்கும். எத்தனை வருடமானாலும் விழல் கூரையைச் சோதிக்க இதுவே வழி: தேய்ந்து தேய்ந்து பிளாச்சு வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் கூரையின் காலம் முடிந்தது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? எடையில். 8 அங்குலக் கனத்தில் 480 சதுர அடிக்கு முக்கால் டன் முதல் ஒரு டன் வரை புல் ஏறும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். கீற்றுக்குப் போதுமான சவுக்குக் கம்பு இதற்கு வளைந்துவிடும்; கைமரம் இரண்டடிக்கு ஒன்று, முகட்டில் உறுதியான மோட்டுவளை, நடுக்கால் என்று மரவேலை பெருகும். கூலி நாட்களும் கீற்றைப்போல ஒன்றிரண்டில் முடியாது. முகடு மட்டும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் இரண்டு சரிவும் சேரும் அந்த இடத்தில் தாள் மடங்கிக் கிடக்கிறது, சாயவில்லை.

வருத்தமான விஷயம், புல்லே குறைந்துவிட்டது. ஏரிகள் சுருங்கியும் கரைகளில் சீமைக்கருவேலம் மண்டியும் போன ஊர்களில் விழல் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஊரிலும் அதை வேயத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. உங்கள் பக்கத்தில் இரண்டும் இருந்தால் தயங்காமல் விழலுக்கே போங்கள். ஒரு கூரை வேயப்படும்போதுதான் அடுத்த தலைமுறை ஒருவர் கீழே நின்று கயிறு வாங்கிக் கற்றுக்கொள்கிறார்.

எப்போது விழல்: நிரந்தரமாக வசிக்கும் அல்லது பழமை மாறாமல் காக்க வேண்டிய மண்வீடு, 45 பாகைச் சரிவும் உறுதியான மரச்சட்டமும் ஏற்கெனவே இருக்கும் வீடு.

## வைக்கோலும் கரும்புத் தோகையும்

சுருக்கமாக முடித்துவிடலாம். அந்தக் காலத்து நெட்டை நெல்லின் வைக்கோல் ஆள் உயரம் இருந்தது, கையால் அறுத்துக் கையால் அடித்தார்கள், தாள் உடையவில்லை. இன்று குட்டை ரகம். அதையும் அறுவடை இயந்திரம் மென்று துப்புகிறது. உருளைக் கட்டாக வரும் அந்த வைக்கோல் மாட்டுக்கு ஆகும், கூரைக்கு ஆகாது. நீள வைக்கோல் கிடைத்தாலும் ஒன்றிரண்டு வருடம்தான். கதிரில் ஒட்டியிருக்கும் நெல்மணிக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கடலூர், விழுப்புரம் பக்கம் கரும்புத் தோகை வெட்டு முடிந்ததும் அள்ளக் கிடைக்கும். தொழுவத்துக்கும் களத்துக் கொட்டகைக்கும் சரி. இரண்டையும் தனிக் கூரையாக நினைக்காமல், பழைய கீற்றின் மேல் இன்னொரு வருடத்துக்கான போர்வையாக நினைத்தால் ஏமாற்றம் இல்லை.

## பிளாஸ்டிக் ஓலை

விடுதிகளில் பார்த்துவிட்டுப் பலர் கேட்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பவர்கள் பத்து, இருபது வருடம் என்பார்கள். அந்த ஓலை தானாக மழையைத் தாங்காது. அடியில் பலகையோ தகரமோ போட்டு அதன்மேல் அலங்காரமாக அடிப்பதுதான் அதன் வேலை. ஆக, விலையில் இரண்டு கூரை அடங்கியிருக்கிறது. இயற்கை ஓலை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். இது விடாது, உள்ளே புழுக்கம். வெயிலில் நிறம் வெளுத்து முறியத் தொடங்கிய பிறகு துணுக்குகள் மண்ணில் உதிரும், எருக்குழிக்கும் போகாது. தீயைத் தாங்கும் என்று சொன்னால் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணச் சரக்கு உருகிச் சொட்டும், அந்தச் சொட்டு தோலில் ஒட்டினால் ஓலைத் தீயைவிடக் கொடுமை.

ஆள் வைத்து மறுபடி வேயவே முடியாத இடம், தோற்றம் மட்டும் வேண்டிய இடம் என்றால் இதைப் பரிசீலிக்கலாம். பழைய மண்வீட்டின் மேல் போடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | கீற்று | பனையோலை | விழல் | வைக்கோல், தோகை | பிளாஸ்டிக் ஓலை |
|---|---|---|---|---|---|
| ஆயுள் | 2–3 வருடம் | 5–6 வருடம் | 10 வருடம் வரை | 1–2 வருடம் | வெயிலையும் தரத்தையும் பொறுத்தது |
| குறைந்த சரிவு | 35–40 பாகை | 40 பாகை | 45 பாகை | 45 பாகை | அடிக்கூரையைப் பொறுத்தது |
| 480 சதுர அடிக்கு | 200–300 கீற்று | 520 ஓலை | முக்கால் முதல் 1 டன் | ஓரடிக் கனம் | அடிக்கூரையும் சேர்த்து |
| 20 வருடத்தில் வேய்வது | 6–7 தடவை | 3–4 தடவை | 2 தடவை, இடையில் முகடு | 10 தடவைக்கு மேல் | 1–2 தடவை |
| மரச்சட்டம் | லேசானது போதும் | நடுத்தரம் | உறுதியாக வேண்டும் | நடுத்தரம் | அடிக்கூரைக்கு ஏற்றபடி |
| கிடைக்காமல் போவது | புயலுக்குப் பிறகு கீற்று | மரம் ஏறும் ஆள் | புல்லும் வேய்பவரும் | நீளத் தாள் | பழுதுபார்க்க அதே சரக்கு |
| ஆயுள் முடிந்தபின் | எரு, அடுப்பு | எரு, அடுப்பு | எரு | எரு | குப்பை |

## தீயைப் பற்றி ஒளிவுமறைவின்றி

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு பள்ளிகளில் ஓலைக்கூரைகளை அரசு அகற்றச் சொன்னது, அது சரியான முடிவு. பலர் ஒன்றாகக் கூடும் இடம், மாடியறை, ஒரே வாசல் உள்ள இடம் ஆகியவற்றில் எந்த ஓலையும் கூடாது. இதில் கீற்றுக்கும் விழலுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டாம். கனமாக இறுகிய விழல் சற்று மெதுவாகப் பற்றும் என்பது உண்மை, அணைப்பதும் அதே அளவு கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியவை இவை. அடுப்பங்கரையைத் தனியாக எடுத்து ஓடு போடுங்கள். மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டு, கூரையில் தொங்கவிடாமல் சுவரோடு கொண்டுபோங்கள். எலி கடித்த ஒயர்தான் பல தீயின் தொடக்கம். எதிரெதிரே இரண்டு வாசல் வையுங்கள். கூரையின் உட்புறத்தில் மண்பூச்சு கொடுத்தால் உள்ளிருந்து கிளம்பும் பொறி ஓலைக்குப் போகாது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தாரை மண்ணெண்ணெயில் கரைத்துக் களிமண்ணில் குழைத்து ஓலைக்கூரைக்குப் பூசும் முறையை உருவாக்கியிருக்கிறது. மழையிலும் எளிதில் கரையாத மண்பூச்சு அது. தீத்தடுப்பு உப்புக் கரைசல் தெளித்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். மழை அதைக் கழுவிவிடும், ஆண்டுதோறும் திரும்பத் தெளிக்க வேண்டும்.

## எந்த ஓலையானாலும் கெட்டுப்போகும் இடங்கள்

ஒழுகுகிறது என்று ஓலைக்கு நடுவே தார்ப்பாய் விரிப்பதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. மழை நிற்கும், ஈரமும் உள்ளேயே நிற்கும். மேல் ஓலையின் அடிப்பக்கம் ஒரே மழைக்காலத்தில் கறுத்து இற்றுவிடும். தகரக் கூரையின் மேல் வெயிலுக்காகக் கீற்றுப் போடுபவர்களுக்கும் இதே பிரச்சினை. கீற்று நேராகத் தகரத்தில் படிந்தால் தகரம் துருப்பிடிக்கும். இடையில் மூங்கில் கொடுத்து மூன்று நான்கு அங்குலம் காற்றோட விடுங்கள்.

எல் வடிவ வீட்டில் இரண்டு சரிவு கூடும் கூடல்வாய் ஓலைக்கூரையின் எதிரி. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே கோட்டில் இறங்குவதால் அங்கே ஓலை மற்ற இடத்தில் நிற்கும் காலத்தில் பாதிகூட நிற்காது. புதிதாகக் கட்டுபவர்கள் செவ்வகமாகவோ வட்டமாகவோ கட்டிவிடுங்கள்.

கூரைக்கு மேல் மரக்கிளை தொங்கினால் மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும், பாசி பிடிக்கும். கிளையைக் கழித்துவிடுங்கள். கரையான் ஓலைக்கு மேலிருந்து வராது, கால் வழியாக ஏறும். மரக்காலை மண்ணில் நடாமல் கல்லின் மேல் நிறுத்துங்கள். மூங்கிலை வெட்டியவுடன் கட்டாமல் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் உளுக்காது.

விறகடுப்பு போய் எரிவாயு வந்த பிறகு கூரையின் ஆயுள் குறைந்துவிட்டது என்று கிராமங்களில் சொல்வது வெறும் பேச்சல்ல. தினமும் ஏறிய புகை ஓலையை உலர்த்தியது, பூச்சியை விரட்டியது. கண்ணையும் நெஞ்சையும் கெடுத்த அந்தப் புகையைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். அதற்குப் பதிலாகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்று போகவிடுங்கள். அந்த இடைவெளியில் கம்பிவலை அடித்துவிட்டால் எலியும் அணிலும் வராது.

கடலோரத்தில் மீனவர்கள் கூரையின் மேல் பழைய வலையைப் போர்த்தி, ஓரங்களில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கூரையைப் பிய்க்கும் காற்றுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை, பனையோலைக்கும் கீற்றுக்கும் இரண்டுக்கும் பொருந்தும்.

## யாருக்கு எது

தென்னந்தோப்புக்குள் குடில் போடுபவர் கீற்றைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். 4 அங்குல நெருக்கம், 45 பாகைச் சரிவு, சித்திரையில் வேலை. கடற்கரை மணலில் பனங்காட்டை ஒட்டி இருப்பவருக்குப் பனையோலை. தாத்தா வீட்டைப் பழைய வடிவத்திலேயே காக்க நினைப்பவர், விழல் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே அடுத்த முடிவுக்கு வரட்டும். கிடைக்காவிட்டால் அதே சட்டத்தில் இரட்டைக் கீற்று வேயலாம், வடிவம் கெடாது. வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை வருபவருக்கு எந்த ஓலையும் ஒத்துவராது. மழைக்கு முன்னும் பின்னும் கூரையைப் பார்க்க ஓர் ஆள் ஊரில் இருந்தே ஆக வேண்டும்.

வேறு போக்கிடம் இல்லாமல் குடிசையில் குழந்தைகளோடு வாழும் குடும்பத்துக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. சொந்த மனை இருந்தால், 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. ஊராட்சியில் பெயரைச் சேர்க்கச் சொல்லி, கான்கிரீட் வீட்டுக்கே போகச் சொல்லுங்கள். வாசலில் ஒரு தாழ்வாரம் இறக்கிக் கீற்று வேய்ந்துகொண்டால் பகல் வெயிலுக்கு அது போதும்.

கடைசியாக ஒரு தேதி. சரக்கைத் தையில் பேசி, மாசி, பங்குனியில் வாங்கி அடுக்கி, சித்திரை, வைகாசியில் வேய்ந்து முடியுங்கள். ஆவணிக்குத் தள்ளினால் வேய்பவர் எல்லார் வீட்டிலும் இருப்பார், உங்கள் வீட்டில் இருக்க மாட்டார்.